நர்சிங் ஹோம் சுவரில் தொங்கும் லைசென்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்கு டெல்லியில் உள்ள விவேக் விஹார். 2024 மே 25-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணி வாக்கில், அங்கே பச்சிளம் குழந்தைகளுக்கான தனியார் நர்சிங் ஹோம் ஒன்றில் தீப்பிடித்தது. ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்தன. அக்கம்பக்கத்தினரும் தீயணைப்பு வீரர்களும் பின்பக்க ஜன்னலை உடைத்துக் குழந்தைகளை வெளியே எடுத்தார்கள். அப்படியும் குறைந்தது ஆறு குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் போலீஸ் சொன்ன விவரங்கள் இவை. அந்த நர்சிங் ஹோமின் லைசென்ஸ் மார்ச் 31-ஆம் தேதியே காலாவதியாகிவிட்டது. காலாவதியான அந்த லைசென்ஸும் ஐந்து படுக்கைகளுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. தீப்பிடித்த அன்று உள்ளே இருந்ததோ 12 குழந்தைகள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றிதழ், நாம் ஃபயர் என்ஓசி என்று சொல்வது, அவர்களிடம் இல்லை.

மார்ச் 31-க்கும் மே 25-க்கும் நடுவே 55 நாட்கள். அத்தனை நாளும் அங்கே அட்மிஷன் நடந்துகொண்டுதான் இருந்தது. தலைநகரில், எல்லா அலுவலகங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில்.

இது ஒரு நர்சிங் ஹோமின் கதை மட்டுமல்ல என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணைக்கு உத்தரவிட்ட டெல்லி துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா, நகரில் உள்ள 1,190 நர்சிங் ஹோம்களில் கால் பங்குக்கும் மேல் செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் இயங்குவதாகக் குறிப்பிட்டார்.

நீங்கள் பெங்களூரிலோ குர்கானிலோ வேலையில் இருக்கிறீர்கள். ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன். கூகுள் ரேட்டிங் பார்ப்பீர்கள், இன்ஷூரன்ஸில் கேஷ்லெஸ் உண்டா என்று பார்ப்பீர்கள், தெரிந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பீர்கள். லைசென்ஸை யார் பார்க்கிறார்கள்? அதெல்லாம் கவர்மென்ட் பார்த்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கவர்மென்ட் உண்மையில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை?

எந்த மாநிலத்தில் எந்தச் சட்டம்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கச் செய்திகளில் 'நர்சிங் ஹோம்' என்று வந்தால் அது முதியோர் பராமரிப்பு இல்லம். இந்தியாவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. ஒரு டாக்டர், அல்லது டாக்டர் தம்பதி, பத்து இருபது படுக்கைகளோடு நடத்தும் சிறிய மருத்துவமனைதான் இங்கே நர்சிங் ஹோம். நம்மில் பாதிப் பேர் அப்படி ஒரு இடத்தில்தான் பிறந்திருப்போம்.

அரசியலமைப்புச் சட்டப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. அதனால் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. மத்திய அரசு 2010-இல் மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2012 மார்ச் 1 முதல் அது அருணாச்சலப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்களிலும், டெல்லி தவிர்த்த யூனியன் பிரதேசங்களிலும் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், ஜார்க்கண்ட் போன்றவை பிறகு சேர்ந்துகொண்டன.

மற்ற மாநிலங்கள் சொந்தச் சட்டத்தில் ஓடுகின்றன. மகாராஷ்டிராவில் இருப்பது 1949-ஆம் ஆண்டின் பம்பாய் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம். டெல்லியில் 1953-ஆம் ஆண்டின் சட்டம். விவேக் விஹாரில் லைசென்ஸ் கொடுத்தது அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான். கர்நாடகாவுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கேரளாவுக்கு 2018-ஆம் ஆண்டுச் சட்டம். மேற்கு வங்கம் 2017-இல் ஒரு படி மேலே போய், நோயாளிகளின் புகாரை விசாரித்து இழப்பீடு வாங்கித் தரக்கூடிய தனி ஆணையத்தையே அமைத்தது.

தமிழ்நாட்டின் சட்டம் 1997-இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வெளியானது 2018-இல். இருபது வருஷத்துக்கும் மேல் சட்டம் இருந்தும் இல்லாத நிலை. இப்போது அலோபதி மட்டுமல்ல, சித்தா, ஹோமியோபதி கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர் எல்லாமே மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும்? மத்தியச் சட்டப்படி முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாவது முறை 2 லட்சம், அதற்குப் பிறகு 5 லட்சம் வரை. சிறைத் தண்டனை இல்லை. ஐசியூ வைத்திருக்கும் ஒரு இடத்துக்கு 50,000 ரூபாய் என்பது எத்தனை நாள் வருமானம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு லைசென்ஸ் போதாதா?

போதாது. வரவேற்பறைச் சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ் ஒரு தொடக்கம் மட்டுமே. இருபது படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஃபயர் என்ஓசி. மருத்துவக் கழிவுக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம். எக்ஸ்ரே மெஷினுக்கு மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி. ஸ்கேன் மெஷினுக்குக் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிப் பதிவு. கருக்கலைப்பு செய்வதென்றால் அதற்கு இன்னொரு அங்கீகாரம். உள்ளேயே மெடிக்கல் ஷாப் இருந்தால் டிரக் லைசென்ஸ். லிஃப்ட், ஜெனரேட்டர், ஊழியர்களின் பிஎஃப், இஎஸ்ஐ என்று பட்டியல் நீளும்.

ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு போர்ட்டல், வேறு வேறு காலாவதித் தேதி. இவை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் விரித்து, 'இந்த இடம் இன்று நோயாளியைச் சேர்க்கத் தகுதியானதா' என்று பார்க்கும் அதிகாரி பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. கழிவைப் பார்க்க வருபவர் படுக்கையை எண்ண மாட்டார். படுக்கையைப் பார்க்க வருபவர் எக்ஸ்ரே அறையின் சுவர் கனத்தைக் கேட்க மாட்டார். அது அவர்கள் வேலையும் இல்லை.

இந்த இடைவெளி அதிக உயிர்களைப் பறிப்பது தீ விபத்துகளில்தான்.

ஆஸ்பத்திரியில் தீ ஏன் இவ்வளவு கொடூரமாகிறது?

ஆபீஸில் ஃபயர் அலாரம் அடித்தால் படியில் இறங்கி ஓடுவோம். வென்டிலேட்டரில் இருப்பவர் எப்படி ஓடுவார்? ஐசியூவில் ஏசி, மானிட்டர், வார்மர் எல்லாம் 24 மணி நேரமும் ஓடும். வீடாக இருந்ததை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தால் பழைய வயரிங் அந்த லோடைத் தாங்காது. அறையின் காற்றில் ஆக்சிஜன் சாதாரண அளவைவிடக் கூடுதலாக இருந்தால், சின்னத் தீப்பொறியே போதும். ஏசிக்காக எல்லா ஜன்னலையும் அடைத்திருப்பார்கள், அதனால் புகை வெளியேற வழியில்லை. ஆஸ்பத்திரித் தீ விபத்துகளில் பலரைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை.

கொல்கத்தாவில் தகுரியா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் நடந்தது இதுதான். பார்க்கிங்குக்கான அடித்தளத்தில் பொருட்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் பிடித்தது. புகை மேலே ஏறியது. படுக்கையில் இருந்தவர்கள் உட்பட சுமார் 90 பேர் இறந்தார்கள். அடித்தளத்தைக் காலி செய்யச் சொல்லித் தீயணைப்புத் துறை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, பொருட்கள் அடித்தளத்தில் இருந்தன.

2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்தபோது, ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் உயிரிழந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலில் கட்டுப் போட்டவருக்குப் படி ஒரு வழியே இல்லையே. அதனால்தான் மருத்துவமனைகளுக்கான தீத்தடுப்பு விதிகள் கீழே இறங்குவதை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒரு தளத்தை நெருப்பும் புகையும் தாண்டாத கதவுகளால் பகுதிகளாகப் பிரித்து, நோயாளியைப் படுக்கையோடு பக்கத்துப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போக வழி வைக்க வேண்டும் என்கின்றன. தெருவோர வீட்டை மாற்றிக் கட்டிய நர்சிங் ஹோமில் பல நேரங்களில் ஒரே படிக்கட்டு. 'பக்கத்துப் பகுதி' எங்கே இருக்கும்?

விதியிலேயே ஓட்டை இருப்பதும் உண்டு. டெல்லியின் தீயணைப்பு விதிகளில், 9 மீட்டருக்கு மேல் உயரமான அல்லது தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி கொண்ட மருத்துவமனைகளே என்ஓசி வரம்புக்குள் வந்தன. அதைவிடக் குள்ளமான கட்டடத்தில் ஐசியூ இருந்தாலும் கேள்வி இல்லை. பிறந்து மூன்று நாள் ஆன குழந்தைக்கு முதல் மாடி என்ன, பத்தாவது மாடி என்ன?

கொரோனா காலத்தில் அகமதாபாத், ராஜ்கோட், பருச் என்று குஜராத்திலேயே அடுத்தடுத்துத் தீ விபத்துகள் நடந்தன. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கோவிட் மருத்துவமனைகளில் தீத்தடுப்புத் தணிக்கை செய்ய மாவட்டந்தோறும் குழு அமைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில் குஜராத் அரசு, கட்டட விதிமீறல்களைச் சரிசெய்ய மருத்துவமனைகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்து அறிவிப்பு வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கடிந்துகொண்டது. மருத்துவமனைகள் ரியல் எஸ்டேட் தொழிலாக மாறிவிட்டன, குடியிருப்புகளில் இரண்டு மூன்று அறைகளில் நடக்கும் நர்சிங் ஹோம்களை மூட வேண்டும் என்ற தொனியில் நீதிபதிகள் பேசினார்கள். அந்த அறிவிப்பையும் பிறகு நிறுத்தி வைத்தார்கள்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மூடினால் நோயாளி எங்கே போவார் என்பதற்கு நீதிமன்றத்திடமும் பதில் இல்லை. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய மருத்துவமனையைவிட தெருமுனை நர்சிங் ஹோம்தான் கைகொடுக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கும் இது தெரியும். உள்ளே பத்து நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்குப் பூட்டுப் போட யாருக்கும் மனசு வராது. நோட்டீஸ் கொடுப்பார்கள், அவகாசம் கொடுப்பார்கள். 'ரினிவலுக்கு அப்ளை பண்ணியிருக்கோம் சார்' என்ற ஒற்றை வரியில் மாதங்கள் ஓடும்.

கழிவு: நான்கு நிறம், 48 மணி நேரம்

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், படுக்கையே இல்லாத கிளினிக்குக்கும் பொருந்தும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் திசு, காலாவதியான மருந்து ஆகியவை மஞ்சள் பையில். டியூப், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் போன்ற பிளாஸ்டிக் எல்லாம் சிவப்பில். ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். கண்ணாடி நீலத்தில். சுத்திகரிக்காத உடல் திசு, ரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பைகளில் பார்கோடு ஒட்டிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

பல நர்சிங் ஹோம்களில் இதைச் 'சுத்தம்' சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே பார்க்கிறார்கள். 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பல உயிர்கள் போயின. பயன்படுத்திய ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் மறுபடி பயன்படுத்தியதே காரணம் என்று விசாரணைகள் காட்டின. சிவப்புப் பையில் போட வேண்டிய சிரிஞ்ச் பழைய பிளாஸ்டிக்காக எடைக்குப் போனால், அது எங்கே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி கிராமங்களில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டிக் கிடந்தது நினைவிருக்கலாம். அதில் இருந்த காகிதங்களை வைத்துத்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப எடுத்துச் சென்றது. கழிவை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைத்ததன் விலை அது.

ஸ்கேன் அறையில் ஒரு படிவம்

டாக்டர்கள் அதிகம் குமுறுவது ஃபார்ம் எஃப் பற்றித்தான். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இதை நிரப்ப வேண்டும்: யார் அனுப்பினார்கள், எதற்காக ஸ்கேன், கருவின் பாலினத்தைச் சொல்லவில்லை என்ற உறுதிமொழி. ஒரு கட்டம் விட்டுப்போனால்கூட மெஷினுக்கு சீல் வைத்துவிடுகிறார்கள், கிளார்க் செய்யும் தவறுக்கு டாக்டரைக் குற்றவாளி ஆக்குவதா என்று மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதம் தீர்ப்பு வந்தது. இது வெறும் எழுத்தர் வேலை இல்லை, பாலினத் தேர்வைப் பிடிக்க இருக்கும் ஒரே தடயமே இந்தப் படிவம்தான் என்று சொல்லி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

டாக்டர்களின் எரிச்சல் புரிகிறது. ஆனாலும் நீதிமன்றம் சொன்னதே சரி. பாலினம் சொல்லப்பட்டதற்கு வேறு எந்தச் சாட்சியும் மிஞ்சாது. சொன்னவரும் கேட்டவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

நோயாளியாக உங்களுக்கு என்ன உரிமை?

அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. மத்தியச் சட்டத்தின் 12-வது பிரிவும், அவசர நிலையில் வருபவரின் உயிரை நிலைப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் தருவதைப் பதிவின் நிபந்தனையாகவே வைக்கிறது. அட்வான்ஸ் கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பது பதிவு நிபந்தனையை மீறுவது.

கட்டணத்தை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன மத்தியச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள். கட்டணத்துக்கு ஒரு வரம்பையும் அரசு நிர்ணயிக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டே போவதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்டது.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். 'ரெக்கார்ட் ரூம் சாவி இல்லை', 'எம்.டி. கையெழுத்து வேணும்' என்றால் எழுத்து மூலம் கேளுங்கள். தேதி போட்டு, ஒரு நகலில் சீல் வாங்கிக்கொண்டு.

அப்புறம் அந்த என்ஏபிஹெச் லோகோ. அது தரச் சான்று, லைசென்ஸ் அல்ல. விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பித்து வாங்குவது. இருந்தால் நல்லது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதைப் பார்க்கின்றன. ஆனால் ஃபயர் என்ஓசிக்கு அது மாற்று ஆகாது.

அட்மிஷன் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

சுவரில் இருக்கும் பதிவுச் சான்றிதழில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். காலாவதித் தேதி, அனுமதிக்கப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை, முகவரி. முகவரி ஏன்? பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்து இரண்டாவது வார்டு போட்டிருப்பார்கள்; சான்றிதழ் பழைய கட்டடத்துக்கு மட்டும் இருக்கும். பிறகு வார்டில் ஒரு நடை நடந்து படுக்கைகளை எண்ணுங்கள். விவேக் விஹாரில் ஐந்துக்கும் 12-க்கும் இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேளுங்கள். 'இருக்கு' என்றால் போய்ப் பாருங்கள். பாதி நேரம் அங்கே பழைய கட்டில், ஸ்டாண்ட், அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கும், அல்லது கதவில் பூட்டு தொங்கும். எமர்ஜென்சியில் இதையெல்லாம் யாரும் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று, பிரசவம் போன்றவை முன்கூட்டியே தேதி குறித்துப் போகும் விஷயங்கள். ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் இருக்கும்.

தேதி முடிந்திருந்தால், 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்ற பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். அரசு அலுவலகத்தில் ஃபைல் நகராமல் கிடப்பது புதிதல்ல. விண்ணப்பித்ததற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காலாவதிக்கு முன்னால் விண்ணப்பித்தார்களா, பின்னாலா என்று அதில் தெரியும். ரசீதே இல்லை என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

புகார் செய்ய வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகம், டெல்லியில் சுகாதாரச் சேவைகள் இயக்ககத்தின் நர்சிங் ஹோம் பிரிவு, மேற்கு வங்கத்தில் அந்த ஆணையம். இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம்: 'என் வார்டில் உள்ள மருத்துவ நிறுவனங்களின் பெயர், அனுமதிக்கப்பட்ட படுக்கைகள், பதிவு முடியும் தேதி, கடைசியாக ஆய்வு செய்த தேதி.' முப்பது நாளில் பதில் வர வேண்டும். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.